உள்ளங்கையில் ஒரு போர் விமானம்!

விமானியின் உயரம் ஒரு அங்குலம். அவர் ஏறி உட்காரும் விமானத்தின் நீளம் ஐந்து அங்குலம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஆறு அங்குலம்.

ஒரே கையில் ஏந்திவிடலாம். ஆனால் இது கடையில் வாங்கி உருட்டி விளையாடும் பொம்மை அல்ல. இரண்டாவது உலகப் போரில் பறந்த "ஸ்பிட்பயர்" என்ற சண்டை விமானம், 72-ல் ஒரு பங்காகச் சுருங்கி வந்திருக்கிறது. சக்கரம், கண்ணாடிக் கூண்டு, துப்பாக்கித் துளை, இறக்கையில் தீட்டிய வர்ணம் எல்லாமே கணக்குப்படி இருக்கும்.

இப்படி அளவு பிசகாமல் விமான மாதிரி செய்வது பல நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாக்களும் செய்கிறார்கள்.

"நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று காரைக்கால்காரர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு!

சென்னை மாகாணத்தின் பெயரைச் சுமந்த விமானங்கள் அந்தப் போரில் பறந்தன. காரைக்கால் எந்தப் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்றதோ, அவர்களுடைய சின்னத்தைச் சுமந்த விமானங்களும் பறந்தன. இரண்டும் ஸ்பிட்பயர்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அவற்றின் மேல் இருக்கும் வர்ணமும் குறியும் மட்டுமே.

சென்னை பெயரில் மூன்று பிரிவுகள்

1940-ம் ஆண்டு. ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மீது குண்டு மாரி பொழிந்துகொண்டிருந்தன. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு விமானம் வேண்டும். விமானத்துக்குப் பணம் வேண்டும். உண்டியல் குலுங்க ஆரம்பித்தது.

"ஐயாயிரம் பவுன் கொடுங்கள். ஒரு ஸ்பிட்பயர் உங்கள் கணக்கில்" என்று விலை சொன்னார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் அது 66 ஆயிரம் ரூபாய்க்கு மேல். உண்மையில் ஒரு விமானம் செய்ய அதைவிடக் கூடுதலாகவே செலவாயிற்று. சுலபமாக ஞாபகம் இருக்கட்டும் என்று வைத்த விலை அது.

ஐதராபாத், மைசூர், பம்பாய் என்று பல இடங்களிலிருந்து பணம் போயிற்று. பெருந்தொகை கொடுத்த ஊரின் பெயரை ஒரு விமானப் பிரிவுக்கே சூட்டினார்கள். அப்படிச் சென்னை மாகாணத்தின் பெயர் 79, 234, 264 என்ற எண்ணுள்ள மூன்று பிரிவுகளுக்குக் கிடைத்தது.

எல்லோரும் மனம் ஒப்பிக் கொடுத்த காலம் அல்ல அது. இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே 1939-ல் வைசிராய் இந்தியாவைப் போரில் இறக்கிவிட்டார். 1940-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். இந்தப் போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு என்பதே காந்தியடிகள் அதற்கு வகுத்துக் கொடுத்த பேச்சு. ஒரு பக்கம் நிதி வசூல். மறு பக்கம் சிறைவாசம். அந்தச் சிறிய விமானத்தின் மேல் "சென்னை மாகாணம்" என்ற பெயரைப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

காரைக்காலைச் சுற்றி மூன்று பக்கமும் அப்போது தஞ்சாவூர் ஜில்லா. அது சென்னை மாகாணம், வெள்ளைக்காரன் ஆட்சி. காரைக்காலோ 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். அவர்களும் வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் கொடி வேறு!

1940 ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. சரண் அடைந்த அரசாங்கம் ஒரு பக்கம். "சரண் அடைய மாட்டோம்" என்று லண்டனில் இருந்துகொண்டு போரைத் தொடர்ந்த தளபதி தெகோல் மறு பக்கம். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களும் யார் பக்கம்?

புதுச்சேரியில் கவர்னராக இருந்த லூயி பொன்வேன் அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் தெகோல் பக்கம் சேர்ந்தார். அவருடன் காரைக்காலும் சேர்ந்தது.

தெகோல் பக்கத்துக்கு ஒரு சின்னம் உண்டு. சாதாரணச் சிலுவையில் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கும். இதில் இரண்டு. இதற்கு "லொரேன் சிலுவை" என்று பெயர். 1941 நவம்பரில் ஸ்காட்லாந்தில் 340 என்ற எண்ணுடன் பிரெஞ்சு விமானிகளின் பிரிவு ஒன்று அமைந்தது. அவர்களுக்குக் கிடைத்த விமானம் ஸ்பிட்பயர். அதன் மேல் அந்தச் சிலுவையைத் தீட்டிக்கொண்டார்கள்.

ஆக, நாகூரில் ஒரு பையனும் காரைக்காலில் ஒரு பையனும் அன்று "எங்கள் பக்கத்து விமானம்" என்று படம் வரைந்திருந்தால், இருவரும் ஒரே விமானத்தை வரைந்திருக்க முடியும். குறி மட்டுமே வேறாக இருந்திருக்கும். காரைக்கால் 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962-ல் சட்டப்படியும் இணைந்தது. பழைய எல்லை போய்விட்டது. மாதிரி செய்கிறவரின் அலமாரியில் அந்த இரண்டு விமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

தன் ஆளையே சுட்ட கதை

"சின்னப் பொம்மைக்கு இத்தனை கணக்கு எதற்கு?" என்று தோன்றும். அதற்கு ஒரு சோகக் கதை பதில் சொல்கிறது.

1939-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி. பிரிட்டன் போர் அறிவித்து மூன்றே நாள். எதிரி வருகிறான் என்று தவறான எச்சரிக்கை. பிரிட்டிஷ் விமானங்கள் பறந்து எழுந்தன. ஸ்பிட்பயர் விமானிகள் சற்றுத் தொலைவில் சில விமானங்களைக் கண்டார்கள். எதிரி என்று எண்ணிச் சுட்டார்கள். இரண்டு விமானங்கள் விழுந்தன. இரண்டும் அவர்களுடைய "ஹரிக்கேன்" விமானங்களே! மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி உயிரிழந்தார். அந்தப் போரில் மாண்ட முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவர். கொன்றதோ சொந்தப் படை.

வானத்தில் ஒரு விமானம் கண்ணில் படுவது சில விநாடிதான். அதற்குள் நண்பனா எதிரியா என்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துப் படித்தால் போதாது. மேலே, கீழே, பக்கவாட்டில் எப்படித் திருப்பினாலும் அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு மாதிரிதான் வழி.

1942-ன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐந்து லட்சம் விமான மாதிரிகள் வேண்டும்! எல்லாம் 72-ல் ஒரு பங்கு. பிள்ளைகள் மரத்தைச் செதுக்கினார்கள். முழுவதும் கறுப்பு வர்ணம் பூசினார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும் விமானம் கண்ணுக்குக் கறுப்பு நிழலாகத்தானே தெரியும்? வகுப்பறையில் செதுக்கிய பொம்மையைப் பார்த்துப் படைவீரர்கள் பாடம் படித்தார்கள். இறக்கை அரை அங்குலம் கூடிவிட்டால் அந்தப் பாடமே தப்பாகிவிடும்.

சிவப்புப் பொட்டு போயிற்று

வடிவத்தைப் போலவே வர்ணமும் உயிர் காக்கும். இதற்குச் சாட்சி நம் பக்கத்துக் கடலே.

காரைக்காலிலிருந்து கடல் வழியே சுமார் 300 கிலோமீட்டர் போனால் இலங்கையின் திரிகோணமலை. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திரிகோணமலை. அங்கே அவற்றை எதிர்த்து எழுந்தவை ஹரிக்கேன்கள்.

ஜப்பான் விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் விமானத்தின் அடையாளம் நீல வட்டம், அதற்குள் வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிவப்புப் பொட்டு ஆபத்து! நண்பனைப் பகைவன் என்று நினைத்துச் சுட்டுவிடலாம். ஆகவே இந்தியா, பர்மா பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கரு நீல வட்டம், நடுவில் வெளிர் நீலம். அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்தின் பெயர் கொண்ட 79-ம் பிரிவு முதலில் இங்கிலாந்தில் சிவப்புப் பொட்டுள்ள ஹரிக்கேனில் போர் புரிந்தது. 1942-ல் அதே பிரிவு இந்தியாவுக்கு வந்து, பர்மா போர்முனையில் சண்டையிட்டது. இங்கே பொட்டு கிடையாது. 1944-ல் இம்பாலில் இந்திய விமானப் படையின் முதலாவது பிரிவு ஹரிக்கேன்களில் பறந்து பெரும் பணி செய்தது. அதன் தலைவர் அர்ஜன் சிங். பிற்காலத்தில் விமானப் படையின் மார்ஷல் என்ற மிக உயர்ந்த பட்டம் பெற்றவர். அவருடைய பிரிவின் ஹரிக்கேனைச் செய்துவிட்டு நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பகலில் பச்சை, இரவில் கறுப்பு

மூன்று சென்னைப் பிரிவுகளில் 264-ம் பிரிவின் கதைதான் மனத்தை உலுக்கும்.

அந்தப் பிரிவுக்குக் கிடைத்த விமானத்தின் பெயர் "டிபையன்ட்". பார்வைக்கு ஹரிக்கேனைப் போலவே இருக்கும். ஆனால் விமானிக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. அதில் இன்னொருவர் நான்கு எந்திரத் துப்பாக்கிகளுடன் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிச் சுடுவார். விமானத்தின் முன்பக்கத்திலோ ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது!

1940 மே 29-ந் தேதி, டன்கர்க் வானத்தில், இது ஹரிக்கேன் என்று நினைத்து ஜெர்மன் விமானிகள் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அந்தப் பிரிவு கணக்குச் சொன்னது. அது மிகைக் கணக்கு என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். எப்படியோ, அன்று வெற்றி டிபையன்டுக்கே.

ஜெர்மானியர் விரைவில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னாலிருந்தும் கீழேயிருந்தும் பாய்ந்தார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் 264-ம் பிரிவு ஆளையும் விமானத்தையும் அடுத்தடுத்து இழந்தது. அதன் தலைவர் பிலிப் ஹண்டர் ஆகஸ்டு 24-ந் தேதி எதிரி விமானத்தைத் துரத்திக்கொண்டு போனார். திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகு டிபையன்டைப் பகல் சண்டைக்கு அனுப்பவில்லை. இரவுக் காவலுக்கு மாற்றினார்கள். மண் நிறமும் பச்சையும் இருந்த உடம்பு முழுக்கக் கறுப்பாயிற்று.

மாதிரி செய்கிறவர் பச்சை டிபையன்ட் ஒன்று, கறுப்பு டிபையன்ட் ஒன்று செய்து பக்கத்தில் வைத்தால் போதும். நடுவில் நடந்தது என்ன என்று கேட்கிற பிள்ளைக்குக் கதை சொல்லலாம். இன்று உலகத்தில் முழுமையாக மிஞ்சியிருக்கும் அசல் டிபையன்ட் ஒன்றே ஒன்று. அதுவும் இங்கிலாந்துக் காட்சிசாலையில். மற்றவர்கள் பார்க்க வேண்டுமானால் மாதிரிதான் கதி.

கணக்கு மிகச் சுலபம்

அசல் ஸ்பிட்பயரின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். அதாவது 442 அங்குலம். 72-ஆல் வகுத்தால் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். ஹரிக்கேனின் இறக்கை 40 அடி. வகுத்தால் ஆறே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறடி மனிதன் சரியாக ஒரு அங்குலம் ஆகிறான். இந்தச் சௌகரியத்துக்காகவே 72 என்ற எண் நிலைத்துவிட்டது என்று சொல்லலாம். 1930-களிலேயே இங்கிலாந்தில் இந்த அளவில் மர மாதிரிகள் விற்றன. 1953-ல் "ஏர்பிக்ஸ்" கம்பெனி இரண்டே ஷில்லிங்குக்குப் பிளாஸ்டிக் ஸ்பிட்பயர் விற்றது. அதில் குறைகள் இருந்தன. ஆனாலும் சிறுவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்று பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகள் மிகத் துல்லியமானவை. விலைதான் கடிக்கும்! பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய முறையிலேயே செய்யலாம். கல்யாண முருங்கை மரம் இலேசானது, கத்திக்கு இணங்கும். நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். விமானத்தின் பக்கத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் ஆகிய மூன்று படங்களையும் அளவுப்படி வரைந்துகொள்ள வேண்டும். முதலில் பக்கத் தோற்றத்தைக் கட்டையில் ஒட்டி வெட்டு. பிறகு மேல் தோற்றத்தை ஒட்டி வெட்டு. கடைசியில் உப்புத்தாள். சிறு பிள்ளைகளானால் கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது நல்லது.

இன்னொரு பொருளும் நம் ஊர்ப் பக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை போடுகிறோமே, அந்த நெட்டிதான். குளத்திலும் ஏரியிலும் வளரும் செடி. அதன் வெள்ளைத் தண்டைச் சீவித் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் அடக்கிக் காட்டுகிறார்கள். 2020-ல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோபுரத்தை அளவு குறையாமல் சுருக்கத் தெரிந்த கைக்கு விமானம் பெரிதா? ஆனால் நெட்டி மெதுவானது. மெல்லிய இறக்கைக்கு உள்ளே மூங்கில் சிம்பு ஒன்று வைத்தால்தான் தாங்கும்.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை பல. ஸ்பிட்பயரின் இறக்கை இரண்டு ஓரமும் வளைந்து நுனியை நோக்கிக் குறுகும். ஹரிக்கேனின் இறக்கை ஏறக்குறைய நேர் ஓரம், நுனி மட்டும் உருண்டை. ஹரிக்கேனின் பின் உடம்பு தகடு அல்ல, துணி! உள்ளே இருக்கும் மரச் சட்டங்களின் வரி வெளியே இலேசாகத் தெரிய வேண்டும். ஸ்பிட்பயரின் சக்கரங்கள் கிட்டக் கிட்ட இருக்கும். ஹரிக்கேனுக்கு அகலக் கால். விமானத்தின் பின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அசலில் அது ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்படிப்பட்ட இறக்கையோடு எந்த விமானமும் பறந்ததில்லை. தேய், இன்னும் தேய்!

வர்ணம் பூசுவது எப்படி?

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறார்கள்.

முதலில் இணைப்புகளில் பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு வெளிர் நிறம் முன்னே, கரு நிறம் பின்னே. ஆகவே வயிற்றுப் பக்கம் முதலில், முதுகுப் பக்கம் பிறகு. ஒரே பூச்சில் மூடிவிட நினைக்கக் கூடாது. நீர்க்கக் கலந்து மூன்று, நான்கு பூச்சு. ஒவ்வொன்றும் காய வேண்டும். கெட்டியாகப் பூசினால் நுணுக்கமான கோடெல்லாம் அடைந்து போகும்.

அசல் வர்ணத்தையே டப்பாவோடு கொண்டுவந்து பூசினாலும் சரிவராது! சிறிய பொருளில் அது அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும். தூரத்து மலை வெளுத்துத் தெரிகிறதல்லவா? அதே நியாயம். சற்று வெள்ளை சேர்த்து வெளுக்க வைப்பார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதில் கை தேர்ந்தவர்களுக்குள்ளேயே சண்டை. ஜப்பானின் "ஜீரோ" விமானம் போரின் தொடக்கத்தில் வெறும் சாம்பல் நிறமா, பச்சை கலந்த சாம்பலா என்று பல ஆண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள்.

எண்ணும் எழுத்தும் வட்டமும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் படமாகக் கிடைக்கின்றன. அதை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். சொரசொரப்பான வர்ணத்தில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளை பூத்துவிடும். ஒட்டிய பிறகு பளபளப்பு இல்லாத வார்னிஷ் பூசினால் எல்லாம் ஒன்றாக அடங்கிவிடும்.

காரைக்கால் காற்றுக்கும் ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்னிஷ் பக்கமே போகக் கூடாது. ஈரக் காற்றில் சிலவகை வார்னிஷ் பால் போல வெளுத்துவிடும். மரமும் ஈரம் குடித்து ஊதும். அந்த இரண்டு மாதமும் செதுக்கு, தேய், படம் வரை. தை பிறந்ததும் தூரிகையை எடு.

கடைசியில் காற்றாடி. ஸ்பிட்பயரின் முந்தைய வகைகளில் "மெர்லின்" எந்திரம். விமானி இடத்திலிருந்து பார்த்தால் காற்றாடி வலப்புறமாகச் சுற்றும். பிந்தைய "கிரிபன்" எந்திரத்தில் இடப்புறமாகச் சுற்றும். இதழைத் திருப்பி மாட்டிவிட்டால், பார்க்க அழகாக இருந்தாலும் அந்த விமானம் பறக்காது!

பெயருக்குப் பின்னால் ஒரு பெண்

ஸ்பிட்பயரை வகுத்தவர் ஆர். ஜே. மிட்செல். அது முதன்முதலில் பறந்தது 1936-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. அடுத்த ஆண்டே, 42 வயதில் நோயால் மிட்செல் காலமானார். தம் விமானம் போரில் பறந்ததை அவர் பார்க்கவில்லை. அது மொத்தம் 20 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

"ஸ்பிட்பயர்" என்றால் சீறிச் சீறி விழும் கோபக்காரப் பெண் என்று பொருள். கம்பெனித் தலைவர் தம் மகளைச் செல்லமாக அப்படி அழைப்பாராம்! மிட்செலுக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

டில்லிக்குப் போகிறவர்கள் பாலத்தில் உள்ள விமானப் படைக் காட்சிசாலையில் அசல் ஸ்பிட்பயரையும் ஹரிக்கேனையும் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தலையை நிமிர்த்தி நம் ஊர் வானத்தைப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப் படைத் தளத்தில் "சுகோய் 30" சண்டை விமானங்களின் பிரிவு ஒன்று அமைந்தது. எந்திரம் இரண்டு, வால் துடுப்பு இரண்டு. நீளம் சுமார் 72 அடி. ஆகவே 72-ல் ஒரு பங்கு மாதிரி செய்தால் சரியாக ஒரு அடி வரும். பழைய ஸ்பிட்பயர் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதற்கு எட்டாது. அலமாரியில் இப்போதே இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.